ஆமாம், தூங்கினார்

பேருந்து இருக்கைகளுக்கு உறை தைக்கும் அந்தக் கடையில் அவளுக்குச் சாட்சியக்கா என்று பெயர். வைத்தவர் யாரென்று தெரியாது. வைத்த அன்றே ஒட்டிக்கொண்டது. ஓட்டுநரோ நடத்துநரோ மெக்கானிக்கோ, பேருந்துக்காரர் யார் உள்ளே நுழைந்தாலும் அவள் கால் தையல் இயந்திரத்தின் மிதியிலிருந்து எழும்பிவிடும். தைத்துக்கொண்டிருந்த ரெக்சினை மடியில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, வந்தவர் முதலாளியிடம் பேரம் பேசி முடிக்கும்வரை காத்திருப்பாள். பிறகு கேட்பாள்.

"அண்ணே, கால்வாய்ப் பாலத்துக்கிட்ட பஸ் உள்ளே போச்சே, அன்னைக்கு நீங்க அந்த ரோட்டுல வந்தீங்களா?"

புது ஆளாக இருந்தால் முதலாளியின் முகத்தைப் பார்ப்பார். முதலாளி கண்ணைக் காட்டுவார். பழைய ஆளாக இருந்தால், அன்று தனக்கு லீவு என்று சொல்லிவிட்டு நழுவுவார். அவர்கள் எல்லாரும் சொன்னது உண்மையாக இருந்தால் அன்றைக்கு ஊரில் ஒரு பேருந்துகூட ஓடியிருக்க முடியாது.

அந்தப் பேருந்தை ஓட்டியவர் அவள் கணவர். ஒரு பிற்பகலில், பாலத்துக்குச் சற்று முன்னால் சாலை வளைகிற இடத்தில், பேருந்து மட்டும் வளையவில்லை. நேராகப் போய்க் கால்வாய்க்குள் இறங்கிவிட்டது. இறந்தவர்களில் அவரும் ஒருவர். மகள் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. விசாரணை என்று ஒன்று நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் முந்தைய இரவு அவரவர் கட்டிலில் படுத்துத் தூங்கி, குளித்து, வயிறார உண்டு வந்தவர்கள். ஓட்டுநர் கண்ணயர்ந்ததே காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்கள். செத்தவன் எதிர்க்கேள்வி கேட்க மாட்டான் என்பது எல்லா விசாரணைகளுக்கும் வாய்த்திருக்கும் பெரிய வசதி.

தவறு அவருடையது என்று முடிவானதால் குடும்பத்துக்கு வேலை கிடையாது என்றார்கள். பணிமனைக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். அதைவிடத் தெருதான் தாங்க முடியாததாக இருந்தது. அந்தப் பேருந்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி, இவள் தண்ணீர் பிடிக்க வந்தால் குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். திட்டினாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். அந்தக் காலிக் குடத்திடம் என்ன சொல்வது? மகளைக் கூட்டிக்கொண்டு, ஓர் அட்டைப்பெட்டிக் கிடங்குக்கு மேலே இருந்த அறைக்குக் குடிவந்தாள். மகள் படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அறையில் இப்போது அவளும், கீழேயிருந்து ஏறிவரும் அட்டை வாசனையும்தான்.

இத்தனை வருடமும் அவளிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். "அவரு தூங்கற ஆளே இல்ல."

அதற்கு ஆதாரம் வேண்டும். பிரேக் பிடிக்காமல் போயிருக்கலாம். டயர் வெடித்திருக்கலாம். குறுக்கே மாடு வந்திருக்கலாம். எதிரே வந்தவன் தவறான பக்கத்தில் வந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் யாராவது பார்த்திருப்பார்கள் அல்லவா? பட்டப்பகலில் நடந்த சங்கதி. அந்த ஒருவன் எங்கோ இருக்கிறான், அவனைப் பிடித்துவிட்டால் போதும் என்று தேடினாள். பாலத்துக்குப் பக்கத்து வயல்காரர்களை விசாரித்தாள். பஞ்சர் ஒட்டுகிறவனை விசாரித்தாள். கால்வாயில் துணி துவைக்க வருகிற பெண்கள் இவள் தலையைக் கண்டதுமே, தாங்கள் போன வருடம்தான் அந்தப் பக்கம் குடிவந்ததாகச் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

இடையில் ஒரு சாட்சி அகப்பட்டும் இருக்கிறார். முன்னாள் லாரி கிளீனர். தான் கண்ணாலேயே பார்த்ததாகவும், எதிரே ஒரு லாரி தறிகெட்டு வந்ததாகவும், ஓட்டுநர் கடைசி நொடிவரை ஸ்டீயரிங்கை ஒடித்துப் பார்த்ததாகவும் சொன்னார். அவள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். மறுபடி வந்தார். லாரி முதல் தடவை பச்சையாக இருந்தது, அடுத்த தடவை சிவப்பாகிவிட்டது, அப்புறம் அது தண்ணீர் வண்டியாகவே மாறிவிட்டது. ஆள் புளுகுகிறார் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் அவர் வரும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாள். உலகத்தில் அவள் புருஷன் விழித்திருந்தார் என்று சொன்ன ஒரே வாய் அது. அந்த வாய்க்கு ஒரு டீ கொடுக்கக் கூடாதா?

கடை முதலாளி நல்ல மனிதர். வாய்தான் முந்திக்கொள்ளும். ஒருநாள் ஓட்டுநர் இருக்கைக்கு உறை தைக்க வந்திருந்தது. அவள் உள்ளே வைக்கும் பஞ்சுப் பலகையைத் தடிமனாக வெட்டியதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மெத்தையா வெச்சா டிரைவர் தூங்கிடுவாரும்மா, மெல்லிசா வெட்டு" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. அவள் மெல்லியதாக வேறொரு துண்டு வெட்டி எடுத்தாள். முதலாளி அன்று முழுக்க அவள் இருந்த பக்கமே வரவில்லை. சாயங்காலம் தன் கையாலேயே கடையைப் பெருக்கினார்.

மகளுக்கு இந்தத் தேடலே பிடிக்காது. புகுந்த வீட்டில் அவள் அப்பா மாரடைப்பில் போனதாகச் சொல்லி வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே, இவளுக்குத் தெரியாமல் சொன்ன பொய் அது. தெரிந்த அன்று இவள் கேட்டாள், அவள் பதில் சொன்னாள், பேச்சு தடித்தது.

"என்னம்மா செய்யச் சொல்றே? எங்கப்பா பஸ் நிறைய ஜனங்களைக் கொன்னவருன்னு சொல்லிக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள போகவா?"

"அவரு தூங்கலடி. நான் நிரூபிக்கிறேன். ஒரு ஆளு கிடைச்சா போதும்."

"அவரு தூங்கிட்டாரும்மா. ஊருக்கே தெரியும். உனக்கு மட்டும் தனியா என்ன தெரிஞ்சுடுச்சு?"

அதற்குப் பிறகு தொலைபேசியில் சாப்பாடும் உடம்பும் மழையும்தான் பேசப்பட்டன. குழந்தை பிறந்தபோது போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சம்பந்தியம்மாள் அன்பாகத்தான் நடத்தினாள். இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, இதயம் பலவீனமானவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள் என்று ஆறுதல் சொன்னாள். இவள் தலையாட்டினாள். சொந்தப் புருஷனின் சாவைப் பற்றி வேறு யாருடைய சாவைப் பற்றியோ கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வருகிற வழியெல்லாம் அவளுக்கு ஒன்றுதான் குறி. அந்தச் சாட்சி கிடைத்துவிட்டால் மகள் அந்த வீட்டுக் கூடத்தில் நிமிர்ந்து நின்று, என் அப்பா பேருந்து ஓட்டுநர் என்று சொல்லலாம்.

விபத்தில் பிழைத்தவர்களில் முக்கியமானவர் நடத்துநர். கால் முறிந்து படுத்திருந்தவர், எழுந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் கடைக்கு வந்த வெளியூர் ஓட்டுநர் ஒருவர், தங்கள் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகளுக்கு டோக்கன் கொடுக்கிற நொண்டிக்காரர் முன்பு கண்டக்டராக இருந்தவராம் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அவள் ரெக்சினைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். முதலாளி ஒன்றும் கேட்காமல் லீவு கொடுத்தார்.

அவரேதான். ஆஸ்பத்திரி மதிலோரம், தகரக் கூரைக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இடது கால் நீட்டியபடியே இருந்தது. ஆளைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார்.

"அண்ணி."

"உக்காருங்க தம்பி. உக்காருங்க."

கேட்க வேண்டியதைப் பல வருடமாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். வரிசையாகக் கேட்டாள். பிரேக் பிடிக்காமல் போனதா? எதிரே வண்டி வந்ததா? மாடு? டயர்? ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை இடவலமாக ஆட்டினார். நடுவே வண்டி நிறுத்த வந்தவர்களுக்கு டோக்கன் கிழித்துக் கொடுத்தார். பிறகு குனிந்துகொண்டே சொன்னார்.

"அண்ணன் தூங்கிட்டாரு அண்ணி. நான் பின்னாடி படிக்கட்டுப் பக்கம் இருந்தேன். கண்ணாடியில அவர் தலை சாயறது தெரிஞ்சுது. விசில் ஊதினேன். ஊதிக்கிட்டே ஓடினேன். அவ்வளவுதான்."

அவள் மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல அண்ணி. நீங்க தேடறீங்கன்னு எனக்குத் தெரியும். இதைச் சொல்றதுக்குப் பயந்துதான் ஊரைவிட்டு வந்தேன்." அவளைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, தானாகவே சொன்னார். "அவரு என்ன செய்வாரு பாவம். டபுள் முடிச்சு இறங்கறாரு, மாத்து டிரைவர் வரல, மூணாவதையும் தலையில கட்டிட்டாங்க. முந்தின நாள் மத்தியானம் வீட்டைவிட்டு வந்தவரு."

"அது எனக்கும் தெரியும்" என்றாள் அவள்.

"எல்லாருக்கும் தெரியும் அண்ணி" என்றார் நடத்துநர்.

திரும்பி வருகிற பேருந்தில் அவளுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அழுகை வரவில்லை. இனி யாரையும் தேட வேண்டியதில்லை என்பது அவளைப் பெரிய சூனியத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. தூங்காத ஒரு மனிதரை இத்தனை வருடம் அவள் காப்பாற்றி வைத்திருந்தாள். அறையில் அவளோடு இருந்தவர் அவர்தான். ஸ்டீயரிங்கை ஒடித்துப் பார்த்தவர், கடைசி நொடிவரை கண்ணை மூடாதவர். அந்த மனிதர் ஆஸ்பத்திரி மதிலோரம் காணாமல் போய்விட்டார். இப்போது அவள் மெய்யாகவே விதவை.

வழியில் ஒரு நிறுத்தத்தில் ஓட்டுநர் இறங்கினார். குழாயடியில் துண்டை நனைத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். இரண்டு கன்னத்திலும் தானே அறைந்துகொண்டார். பயணிகளில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓட்டுநர்கள் செய்கிற காரியந்தானே. அவள் கணவரும் இதையேதான் செய்வார். ஈரத் துண்டோடு வீட்டுக்கு வருவார், அவள் அதைக் கொடியில் காயப்போடுவாள். காயப்போட்ட துண்டைப் பற்றி அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்போதுதான் நடத்துநர் கடைசியாகச் சொன்னது திரும்பி வந்தது. எல்லாருக்கும் தெரியும்.

தெரியும்தான். பணிமனையில் அதற்கு டபுள் என்று பெயர். ஒரு ஷிப்டை ஓட்டி முடித்து இறங்கிய கையோடு அடுத்ததற்கும் ஏறுவது. கையில் கொஞ்சம் கூடுதலாக வரும். அதனால் அது தண்டனையாக இல்லை, சலுகையாக இருந்தது. வேண்டியவனுக்கு டபுள் போடுவார்கள். பிடிக்காதவனுக்குப் போட மாட்டார்கள். முடியாது என்று சொல்கிறவனை நோஞ்சான் என்பார்கள். அவள் கணவர் முடியாது என்று சொன்னதே இல்லை. அதில் அவளுக்கு எவ்வளவு பெருமை! குழாயடியில் நின்றுகொண்டு, எங்க வீட்டுக்காரருக்கு இந்த வாரமும் டபுள் என்று சொன்னவள் அவள்தானே. அந்தக் கடைசித் தடவையும் மத்தியானச் சாப்பாட்டை அவரே எடுத்துக்கொண்டு போனார். இரவுச் சாப்பாட்டைப் பக்கத்து வீட்டு மெக்கானிக்கிடம் கொடுத்தனுப்பினாள். காலையில் மறுபடி ஒரு டப்பா. மூன்றாவது முறையும் ஏற்றிவிட்டார்கள் என்று மெக்கானிக் வந்து சொன்னபோது, அப்படியானால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துச் செருப்பு வாங்கிவிடலாம் என்று நினைத்தாள். நினைத்தது மட்டுமில்லை, மெக்கானிக்கிடம் சொல்லவும் செய்தாள்.

இவற்றில் எதை அவள் இன்று கண்டுபிடித்தாள்? ஒன்றையும் இல்லை. விசாரணை மேசையில் உட்கார்ந்தவர்களுக்கும் இது தெரியும், அவர்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவர்தானே அந்த மூன்றாவது முறையைப் போட்டவர். குடத்தை வைத்துவிட்டுப் போன அந்தத் தாய்க்கும்கூடத் தெரிந்திருக்கும், அதே குடியிருப்பு. கொட்டைப்பாக்கு அளவுகூட மறைக்கப்படாத உண்மை. நடுத்தெருவில் கிடந்தது. எல்லாரும் தாண்டிப் போனார்கள். அவளும்தான். அவர் தூங்கினாரா இல்லையா என்று ஊர் ஒரு கேள்வியைப் போட்டது. இல்லை என்று அவள் மல்லுக்கு நின்றாள். எத்தனை நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தார் என்று யாராவது கேட்டிருந்தால்கூட அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள். அதைச் சொன்னால் அவர் தூங்கினார் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அவர் மானத்தைக் காப்பாற்ற அவள் பிடித்துக்கொண்ட பொய், அவரைக் கொன்றவர்களுக்கு நிழலாக நின்றது. ஒரு மனிதனைத் தூங்கவிடாமல் வேலை வாங்குவது, பிறகு அவன் தூங்கினான் என்று குற்றப்பத்திரிகை வாசிப்பது. இந்த அயோக்கியத்தனத்துக்கு உலகம் முழுக்க ஒழுங்கு நடவடிக்கை என்று பெயர்.

"ஆமா, தூங்கினாரு" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் பணிமனைக்குப் போனாள். மேலாளர் புதியவர், இளவயது. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அந்த விபத்தின் பேச்சைக் கேட்டதும் அவர் முகத்தில் ஓர் அலுப்பு வந்து உட்கார்ந்தது. இவளைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள்.

"புதுசா ஏதாவது ஆதாரம் கிடைச்சிருக்காம்மா? சாட்சி யாராவது?"

"புதுசா ஒண்ணும் இல்லைங்க. அவரு தூங்கிட்டாரு."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். அவள் மெதுவாகச் சொன்னாள். முந்தைய நாள் மத்தியானம் தொடங்கியதைச் சொன்னாள். அடுத்தடுத்து ஏற்றியதைச் சொன்னாள். அதெல்லாம் தெரிந்ததுதானே என்றார் மேலாளர். தெரிந்ததைத்தான் பேச வந்திருக்கிறேன் என்றாள் அவள். பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டு, டபுள் என்பது யாரையும் கட்டாயப்படுத்திக் கொடுப்பதில்லை, அவரே கேட்டு வாங்கியதுதான் என்று விளக்கினார்.

"கேட்டாருங்க. நானே கேக்கச் சொல்லியிருக்கேன்" என்றாள். "கேட்டா குடுத்துடுவீங்களா? குடிச்சிட்டு வந்து சாவியைக் கேட்டா குடுப்பீங்களா?"

மேலாளர் மேசைமேல் காகிதங்களுக்குப் பாரமாக இருந்த கண்ணாடிக் குண்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். முடிந்துபோன விசாரணையைத் திறக்க வேண்டுமானால் புதிய தகவல் ஏதாவது வேண்டும், அதுதான் விதி என்றார். குரலில் கெடுதல் எதுவும் இல்லை. விதியை அப்படி எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். எல்லாருக்கும் தெரிந்த அநியாயத்தை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை அல்லவா? அறையைவிட்டு வெளியே வரும்போது சுவரில் அன்றைய பணிப்பட்டியல் ஒட்டியிருந்தது. படிக்க நின்றாள். யார் யாருக்கு டபுள் என்று அதில் பகிரங்கமாகவே போட்டிருந்தது.

அன்றிலிருந்து கடையில் அவள் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. கால்வாய்ப் பாலத்தை விட்டுவிட்டாள். பேருந்துக்காரர் வந்தால், "அண்ணே, கடைசியா எப்போ படுத்தீங்க?" என்று கேட்டாள்.

முதலில் சிரித்தார்கள். ஒருவர், வீட்டுக்காரியே இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்றார். இன்னொருவர் வேறு அர்த்தம் பண்ணிக்கொண்டு கண்ணடித்தார், முதலாளி அவரை வெளியே அனுப்பினார். ஆனால் அவள் பணிமனைக்குப் போய் டபுளைப் பற்றிப் பேசிய சேதி பரவியதும் சிரிப்பு நின்றுவிட்டது. பழைய சாட்சியக்காவை அவர்களுக்குப் பிடித்திருந்தது. அவளைப் பார்த்துப் பரிதாபப்படலாம், அதற்கு ஒரு செலவும் இல்லை. இவள் வேறு ஆளாக இருந்தாள்.

அவள் கணவரோடு வேலை பார்த்த ஓட்டுநர் ஒருவர் நேராகவே வந்து கேட்டார்.

"உங்களுக்கு என்ன அண்ணி கஷ்டம்? டபுளை நிறுத்திட்டா எங்க வீட்டுல உலை எப்படி ஏறும்?"

"டபுள் இல்லாமலே ஏறணும்னு கேளுங்க. நானும் வந்து கூட நிக்கிறேன்."

"நீங்க ஒருத்தர் நிப்பீங்க" என்றார் அவர். கேலியாக இல்லை, கணக்குப் பார்க்கிற தொனியில். அவர் கண்ணின் வெள்ளை சிவந்து கிடந்தது. அவள் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். தைக்கக் கொடுத்திருந்த உறைகளை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதலாளி வருத்தத்தோடுதான் சொன்னார். வண்டிக்காரர்கள் வராவிட்டால் கடையை எதை வைத்து நடத்துவது? அவளை நிறுத்த அவருக்கு மனமில்லை. அவளுடைய இயந்திரத்தை முன்பக்கத்திலிருந்து எடுத்து, பின்னால் பழைய பஞ்சும் துருப்பிடித்த ஸ்பிரிங்கும் குவித்திருக்கும் அறையில் போட்டுக் கொடுத்தார். அங்கே ஆள் வருவதில்லை. உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். மத்தியானச் சாப்பாட்டை முன்பெல்லாம் மற்றப் பெண்களோடு வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவாள். இப்போது அவர்கள் அவள் வருவதற்குள் முடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தியின் புருஷனும் ஓட்டுநர். அவள் மட்டும் ஒருநாள் தண்ணீர் குடிக்க வருவதுபோல் வந்து நின்று, என்னவோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போனாள்.

பணிமனையிலிருந்து வந்த அன்றே மகளுக்கும் போன் செய்திருந்தாள். கிடங்கு மாடியில், விளக்குப் போடாமல் உட்கார்ந்துகொண்டு.

"அப்பா தூங்கிட்டாருடி."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. "இப்பவாவது ஒத்துக்கிட்டியே" என்றாள் மகள். குரல் குழந்தைக்குச் சொல்வதுபோல மென்மையாகிவிட்டது. "விட்டுரும்மா. இனிமே அதை விட்டுரு. நீ அலைஞ்சதெல்லாம் போதும்."

"ஏன் தூங்கினாருன்னு கேக்க மாட்டியா?"

"என்னம்மா கேள்வி இது? தூக்கம் வந்துது, தூங்கினாரு."

"முந்தின நாள் நீ பள்ளிக்கூடத்துல இருந்து வரும்போது அவரு வீட்டுல இருந்தாரா?"

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"மறுநாள் காலையில நீ போகும்போது இருந்தாரா? உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நடுவுல வந்து ஒரு மணி நேரமாவது படுத்தாரா?"

மகள் அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். அப்புறம் என்பது வரவே இல்லை. வாரங்கள் போயின. சாப்பாட்டையும் மழையையும் விசாரிக்கிற அழைப்புகளும் நின்றுபோயின. பொய்யோடு நின்றவளுக்கு இருந்த துணைகூட முழு உண்மையோடு நிற்பவளுக்கு இல்லாமல் போயிற்று. ஒருவேளை தான் செய்தது தப்போ என்று அவள் யோசித்துப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் மறுபடி முதலிலிருந்து அடுக்கிப் பார்த்தாள். அது திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் வந்து நின்றது. இரவில் அவரோடு சண்டை போட்டாள். முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க என்று இருட்டைப் பார்த்துக் கேட்டாள். நோஞ்சான்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டுமே என்றாள். விழித்திருந்த அந்த மனிதரிடம் அவள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. தூங்கிப்போன இவர்தான், களைத்து, ஒரு காலில் செருப்போடு சுவரில் சாய்ந்து கண்ணை மூடுகிற இவர்தான், அவள் கட்டிக்கொண்ட ஆள்.

ஒரு முற்பகல். தடித்த ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்த நேரத்தில் மகள் கூப்பிடுவதில்லை. குழந்தைக்கு ஏதோ என்று பதறி எடுத்தாள்.

"அம்மா." மகளின் குரல் இறுக்கமாக இருந்தது. பின்னால் பாத்திரம் வைக்கிற சத்தமும் ஆட்கள் பேசுகிற சத்தமும் கேட்டன. "அப்பா அன்னைக்கு மொத்தம் எத்தனை தடவை வண்டி எடுத்தாரு? ரெண்டா, மூணா?"

"மூணு."

"நடுவுல வீட்டுக்கு வரலதானே?"

"வரல. சாப்பாடுதான் போச்சு."

மகள் போனை வாயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டாள். வைத்துவிடவில்லை. அந்த வீட்டுக் கூடத்தில் அவள் குரல் ஒலிப்பது இங்கே தெளிவாகக் கேட்டது.

"மூணு தடவைங்க அத்தை. வீட்டுக்கே அனுப்பல. தூங்காம என்ன செய்வாரு எங்கப்பா?"

யாரோ என்னவோ கேட்டார்கள். அது சரியாகக் கேட்கவில்லை. கோபமா, இரக்கமா என்றும் தெரியவில்லை. மகள் பதில் சொல்லத் தொடங்கினாள், நடுவில் குரல் உடைந்தது, நிறுத்தி மறுபடி தொடங்கினாள். அம்மாவிடம் பேச அவள் திரும்பி வரவில்லை. பின்னறையில், பழைய பஞ்சுக் குவியலுக்கு நடுவே, இவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஒரு சத்தமும் எழுப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.